கால்வாயைத் தோண்டினால் மட்டும் போதுமா?

மாசடைந்த ஆறுகளையும் நீர்நிலைகளையும் சுத்தம் செய்யப் போவதாக அரசாங்கங்கள் அறிவிக்கும்போது மக்கள் மகிழ்கின்றனர். மகிழ்வதில் தவறில்லை. ஆனால் அழுக்கு எங்கிருந்து வருகிறது, அது நிறுத்தப்படுமா என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

நமது கரையோரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் கால்வாய் சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளை இணைக்கிறது. முன்னர் சரக்கு வள்ளங்கள் சென்ற நீர்வழி அது. 1980களில் அதன் இருமருங்கிலும் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் காடுகள் அழிந்தன. பண்ணைகள் பல தமக்கு வேண்டிய நீரை இதிலிருந்தே இறைத்தன. தீனி மிச்சமும் கழிவும் கலந்த நீரையும் இதற்குள்ளேயே திறந்துவிட்டன. ஒருவர் கழித்த நீரே அடுத்தவருக்கு வரவு நீராயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது பண்ணைக்குப் பண்ணை பரவ இதுவே வழியாயிற்று. பலர் கடனாளியாயினர். குளங்கள் பல கைவிடப்பட்டன. அயல் வயல்களிலும் கிணறுகளிலும் உவர் ஏறியது. இறால் வளர்க்காத விவசாயியும் நட்டப்பட்டார்.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று கூற முடியாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டப்படி, குறித்த தொழில்கள் அனுமதிப்பத்திரமின்றிக் கழிவை வெளியேற்றக் கூடாது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீருயிரின வளர்ப்புக்கென ஓர் அதிகாரசபை அமைந்தது. வலயத்துக்கு வலயம் முறை வைத்து இறால் குஞ்சு விடும் அட்டவணையும் வந்தது. இவை நல்லவை. கால்வாயில் படிந்த சேற்றை அகற்றுவதும் நல்லதே, நீரோட்டம் கூடும். ஆயினும் கழிவு விழுந்துகொண்டேயிருந்தால் தோண்டிய கால்வாய் மீண்டும் சேறாகும்.

பிற நாட்டு அனுபவமும் இதுவே. 1986இல் இந்தியா கங்கையைச் சுத்தம் செய்யும் திட்டத்தை ஆரம்பித்தது. கட்டிய சுத்திகரிப்பு நிலையங்கள் பல மின்சாரமும் பராமரிப்பும் இன்றி முடங்கின. நகரக் கழிவு தொடர்ந்து வந்தது. 2014இல் 20,000 கோடி இந்திய ரூபாவில் வேறொரு திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று. அதே 1986இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரருகே இரசாயனக் களஞ்சியம் ஒன்று தீப்பற்றி, றைன் நதி நஞ்சாகி மீன்கள் மடிந்தன. நதிக்கரை நாடுகள் அடுத்த ஆண்டே ஒன்றுகூடி, கழிவு புறப்படும் இடத்திலேயே அதைக் குறைக்க முற்பட்டன. அழிந்துபோன சல்மன் மீன் மீண்டும் வந்தது.

1990 முதல் இடம்பெயர்ந்து இக்கரையில் குடியேறிய குடும்பங்கள் பல கிணற்று நீரை நம்பியே வாழ்கின்றன. ‘வந்தவர் நமக்கேன் இந்தப் பேச்சு’ என்று ஒதுங்கக் கூடாது. அந்த நீரைக் குடிக்கும் எவருக்கும் கேட்கும் உரிமை உண்டு. ஒவ்வொரு பண்ணையிலும் கழிவுநீர் தெளிய ஒரு குளம் வேண்டும். நீர்ப் பரிசோதனை முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் ஒட்ட வேண்டும். கண்காணிப்புக் குழுவில் விவசாயிகளும் மீனவரும், குறிப்பாகத் தண்ணீர் சுமக்கும் பெண்களும் இடம்பெற வேண்டும்.

பிறரைக் கேட்கும் நாம் நமது தோட்டத்தையும் கவனிப்போம். கற்பிட்டி மணலில் அளவுக்கு மீறி இடும் உரம் கிணற்றுக்கே இறங்குகிறது. அதிலுள்ள நைத்திரேற்று கைக்குழந்தைக்கு ஆபத்தானது. கிராமச் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இவற்றைப் பேசி, கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்கட்டும்.