விளக்கெண்ணெய் குடிக்கும் விமானம்: இன்ஜின் கிளம்பாவிட்டால் கோளாறை எங்கே தேடுவார்கள்?

"சுவிட்ச் ஆஃப்?" என்று கேட்பார் விமானத்தின் முன்னால் நிற்கும் மெக்கானிக். "சுவிட்ச் ஆஃப்" என்று காக்பிட்டிலிருந்து பைலட் பதில் சொல்வார். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் மெக்கானிக்கின் கை புரொப்பல்லரைத் தொடும்.

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில் ஓல்டு வார்டன் என்ற சிறிய விமானத் திடல் இருக்கிறது. அங்குள்ள ஷட்டில்வொர்த் சேகரிப்பில் முதல் உலகப் போர்க்கால விமானங்கள் இன்றும் பறக்கின்றன. சோப்வித் பப், அவ்ரோ 504கே போன்றவற்றில் இருப்பவை 'ரோட்டரி' வகை இன்ஜின்கள். செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. மர புரொப்பல்லரை ஒருவர் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும்.

நாலு முறை சுற்றியும் கிளம்பவில்லை என்றால்? 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று சுற்றிக்கொண்டே இருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. வீணாகும் ஒவ்வொரு முயற்சியும் பிளக்கை மேலும் நனைக்கும், பெட்ரோலைத் தேங்கவைக்கும், சுற்றுபவரின் கையைச் சோர்வடையச் செய்யும். அதனால் அனுபவசாலிகள் கையை எடுத்துவிட்டு, இன்ஜின் என்ன சொல்கிறது என்று முதலில் கவனிப்பார்கள்.

சிலிண்டரே சுழலும்

பைக் இன்ஜினில் சிலிண்டர் அசையாமல் நிற்கும், கிராங்க் ஷாஃப்ட் சுழலும். ரோட்டரியில் எல்லாம் தலைகீழ். கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதைச் சுற்றி நட்சத்திரம் போல நிற்கும் சிலிண்டர்கள், புரொப்பல்லரோடு சேர்ந்து நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கும் மேல் சுழலும். சுழலும்போது கிடைக்கும் காற்றே சிலிண்டர்களைக் குளிர்விக்கும். ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் தேவையில்லை என்பதால் எடை குறைவு.

பிரான்சின் செகன் சகோதரர்கள் 1908-ல் அறிமுகப்படுத்திய 'நோம்' இன்ஜினில் 7 சிலிண்டர்கள், 50 குதிரைத்திறன். பிறகு வந்த லெ ரோன், கிளெர்ஜே இன்ஜின்களில் 9 சிலிண்டர்கள். திறன் 80-லிருந்து 130 குதிரைத்திறன் வரை உயர்ந்தது.

இவற்றில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, உள்ளே குழாய் போல வெற்றிடம் கொண்ட கிராங்க் ஷாஃப்ட் வழியாக கிராங்க் கேஸுக்குள் நுழைந்து, அங்கிருந்துதான் சிலிண்டர்களுக்குப் போகும். சாதாரண மினரல் ஆயிலை ஊற்றினால் பெட்ரோல் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் வேண்டும். அதற்குத்தான் விளக்கெண்ணெய்! ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்ப டேங்குக்கு வராது. புகையோடு வெளியேறி பைலட்டின் முகத்திலும் கண்ணாடியிலும் படியும்.

இந்த எண்ணெய்க்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. 1918-ல் அமெரிக்கா, ஃபுளோரிடா உள்ளிட்ட தென் மாநிலங்களில் ஆமணக்கு பயிரிட விதைகளை இந்தியாவிலிருந்துதான் வரவழைத்தது. பிரிட்டிஷ் விமானப் படையில் சோப்வித் கேமல் ஓட்டிய ஹர்தித் சிங் மாலிக், விளக்கெண்ணெய்ப் புகை ஒத்துக்கொள்ளாததால் வேறு வகை விமானத்துக்கு மாற வேண்டியிருந்தது.

சத்தமே வரவில்லையா?

கையால் சுற்றும் வேகத்தில் கிராங்க் கேஸ் வழியாகப் போதுமான கலவை சிலிண்டருக்கு வந்து சேராது. அதனால் மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டராகத் தன் பக்கம் திருப்பி, எக்ஸாஸ்ட் வால்வை அழுத்தித் திறந்து, ஊசியில்லாத சிரிஞ்ச் போன்ற சிறிய பம்பால் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சுவார். இதற்குப் பெயர் பிரைமிங்.

பிரைமிங் முடிந்தும் ஒரு சிலிண்டர்கூட வெடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் தீப்பொறியின் மீது விழும். இன்ஜின் ஓடாமல் நிற்கும்போது விளக்கெண்ணெய் கீழ்ப்பக்க சிலிண்டர்களில் இறங்கி, பிளக்கைக் குளிப்பாட்டிவிடும். லெ ரோன் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு ஒரே பிளக்தான். அது நனைந்தால் அந்த சிலிண்டர் ஊமை. கீழ்ப்பக்க பிளக்குகளைக் கழற்றித் துடைப்பது முதல் வேலை.

அடுத்து பின்பக்கம். மேக்னட்டோ அசையாமல் நிற்கிறது, பிளக்குகளோ சுழல்கின்றன. நடுவில் ஒரு கார்பன் பிரஷ், சுழலும் வளையத்தைத் தொட்டு மின்சாரத்தைக் கடத்தும். வளையத்திலிருந்து பிளக் வரை போவது உறை இல்லாத பித்தளைக் கம்பி. வளையத்தில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் மின்சாரம் வழியிலேயே கசிந்துவிடும். ஒரு சுத்தமான துணி போதும், பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

குளிர்காலக் காலையில் இன்னொரு சிக்கல் வரும். எண்ணெய் கெட்டியாகி, புரொப்பல்லரை வேகமாகச் சுற்ற முடியாது. மெதுவாகச் சுற்றினால் மேக்னட்டோ தரும் தீப்பொறியும் பலவீனமாக இருக்கும். கை வலிமையை மட்டும் நம்பாமல் எண்ணெயைச் சூடாக்கி ஊற்றுவது இதற்கு நல்ல வழி.

இரண்டு முறை வெடித்து நின்றுவிட்டதா?

இது ஒருவகையில் நல்ல செய்தி. தீப்பொறி இருக்கிறது. பிரைமிங் செய்த பெட்ரோல் எரிந்து தீர்ந்ததும் டேங்க் பெட்ரோல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். குழாய் திறந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேமல் போன்ற விமானங்களில் டேங்குக்குள் காற்றழுத்தம் இருந்தால்தான் பெட்ரோல் நகரும். அதற்குக் காக்பிட்டில் ஒரு கைப்பம்பு உண்டு.

பைலட்டின் கையிலும் தவறு இருக்கலாம். இந்த இன்ஜின்களில் காற்றுக்கு ஒரு நெம்புகோல், பெட்ரோலுக்கு ஒரு நெம்புகோல். பிரைமிங் பெட்ரோல் தீரும் நொடியில் பெட்ரோல் நெம்புகோலை மெல்லத் திறக்க வேண்டும். தாமதித்தால் இன்ஜின் நின்றுவிடும். அவசரப்பட்டால் பெட்ரோல் மிகுந்து மூச்சுத் திணறும்.

கரும்புகையும் பெட்ரோல் வாசனையுமா?

அப்படியென்றால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. சூடான இன்ஜினை மறுபடி கிளப்பும்போதும், தேவையில்லாமல் பிரைமிங் செய்தால் இது நடக்கும். சுவிட்சை ஆஃப் செய்து, பெட்ரோலை மூடி, புரொப்பல்லரைப் பலமுறை சுற்றினால் தேங்கியது வெளியேறும். இன்ஜின் மூடிக்குள் சொட்டிய பெட்ரோலையும் துடைத்தாக வேண்டும். மரமும் துணியும் கொண்டு செய்த விமானத்தின் மூக்கில் தீப்பிடித்தால் நிதானிக்க நேரம் கிடைக்காது. அதனால்தான் கிளப்பும்போது தீயணைப்பானோடு ஒருவர் அருகில் நிற்பார்.

பெட்ரோல் அளவு தவறுவது தரையில் எரிச்சல், வானத்தில் ஆபத்து. கேமல் விமானம் தரையை விட்டுக் கிளம்பியதும் பைலட் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். மறந்தால் இன்ஜின் திணறும், விமானம் வேகமிழந்து சுழன்று விழும். பயிற்சி பெற்ற இளைஞர்கள் பலர் இப்படி உயிரிழந்தார்கள்.

ஓடுகிறது, ஆனால் தடுமாறுகிறதா?

சில நொடிகள் ஓடவிட்டு நிறுத்துவார்கள். சுவிட்ச் ஆஃப் என்று உறுதியானதும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அருகே கையைக் கொண்டுபோவார் மெக்கானிக். எட்டு சிலிண்டர்கள் சூடாக இருந்து, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அதன் பிளக், கம்பி, வால்வு என்று தேடல் ஒரே இடத்துக்குச் சுருங்கிவிடும்.

அந்த ஒரு ஒயர்

விமானத்தின் மேக்னட்டோ சுவிட்ச் வீட்டு சுவிட்ச் போன்றதல்ல. ஆஃப் செய்யும்போது அது மேக்னட்டோ மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும். எர்த் ஒயர் எங்கேயாவது அறுந்திருந்தால் சுவிட்ச் ஆஃப் என்று காட்டும், ஆனால் மேக்னட்டோ உயிரோடு இருக்கும். உள்ளே கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருந்தாலும், புரொப்பல்லரைச் சும்மா அசைத்தாலே ஒரு சிலிண்டர் வெடிக்கலாம். எதிரில் இருப்பது ஒரு மனிதரின் கை.

அதனால்தான் கோளாறு தேடும் வேளையில், பைலட் "சுவிட்ச் ஆஃப்" என்று எத்தனை முறை சொன்னாலும் மெக்கானிக் பின்வாங்க இடம் வைத்துக்கொண்டுதான் நிற்பார். தரையில் எண்ணெய் வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்ப்பார். விரல்களை மடக்கிப் பிடிக்காமல் தட்டையாக வைப்பார். சுவிட்ச் ஆன் என்றே நினைத்துத்தான் புரொப்பல்லரைத் தொடுவார்.