சிறைப்பட்டோரைக் காணுதல்



சிறைப்பட்டோரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்றெனத் திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. அவர்களை வெள்ளித்திரையில் காண்பதும் இரக்கமாகுமா?

இத்தாலிய இயக்குநர் லிலியானா கவானியின் 'தி நைட் போர்ட்டர்' என்னும் படம் 1974-இல் வெளிவந்தது. நாஜி வதைமுகாமில் கைதியாயிருந்த ஒரு பெண், தன்னை அங்கே வதைத்த அதிகாரியை 1957-இல் வியன்னா நகர விடுதியொன்றில் இரவுப் பணியாளனாகக் காண்கிறாள். அவனைக் காட்டிக்கொடாமல் மீண்டும் அவனிடமே செல்கிறாள். கொடுமை மனித உள்ளத்தை எவ்வளவு சிதைக்கும் என்பதைத் துணிவுடன் காட்டும் கலைப்படைப்பு இதுவெனச் சிலர் போற்றினர். துன்புற்றோரின் நினைவைக் கிளர்ச்சிக்கு விலையாக்கும் இழிசெயல் இதுவென அமெரிக்கத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் சாடினார். இத்தாலியில் தடையும் வந்தது. பின்னர் அது நீங்கியது. இதன் வெற்றியைக் கண்டு, வதைமுகாமையே காமக் களமாக்கிய மலிவான படங்கள் அந்நாட்டில் வரிசையாக வெளிவந்தன.

ஆஷ்விட்ஸ் முகாமில் உண்மையாகவே சிறையிருந்த யூத எழுத்தாளர் பிரீமோ லேவி, 1986-இல் வெளிவந்த தம் நூலில் இப்படத்தைக் கண்டித்தார். கொடுமையின் அழுத்தத்தால் கைதிகளுள் சிலர் தவறியதை அவர் மறைத்தவரல்லர். ஆயினும் கொலைஞனையும் கொலைக்கு ஆளானவனையும் ஒன்றெனக் காட்டுவது உண்மைக்கு இழைக்கும் தீங்கு என்றார். அங்கே வாடியவரின் சொல்லுக்கு நாம் செவிசாய்க்க வேண்டாமா?

தீமையைத் திரையில் காட்டவே கூடாதென்று திருச்சபை சொல்லவில்லை. மனிதனை ஆழமாய் அறிய அது உதவலாம் என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் ஏற்றுக்கொண்டது. ஒழுக்கநெறிக்கு அது கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

அதே ஆஷ்விட்ஸில் 1941-இல், பட்டினியால் சாகத் தீர்ப்பிடப்பட்ட பத்துப் பேருள் ஒருவர் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். உடனிருந்த கைதியாகிய மாக்சிமிலியன் கோல்பே அடிகளார் அவருக்குப் பதிலாகத் தம்மையே கையளித்தார். 1982-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அடிகளாரும் ஒரு கைதியைக் கண்டார்; அக்கண்கள் அவருள் ஒரு தந்தையைக் கண்டன.

இத்தகைய படமொன்று இன்று கைப்பேசி வழியாகவே இல்லத்தினுள் நுழைந்துவிடும். பெற்றோரே, பிள்ளைகளைக் கடிந்து பேசுமுன் அவர்களோடு அமர்ந்து ஒன்றைக் கேளுங்கள்: "திரையில் துடிப்பவள் நம் வீட்டுப் பெண்ணாயிருந்தால், இக்காட்சியை இவ்வாறு பார்த்துக்கொண்டிருப்போமா?" இரக்கமா வேடிக்கையா என்பதை அவ்வினாவே நமக்கு உணர்த்திவிடும்.