கூப்பிடு மிலிட்டரியை!

டிராஃபிக் ஜாமா? ஊழலா? எல்லாவற்றுக்கும் நம்மவர்களிடம் ஒரே மருந்துதான்: “பேசாம மிலிட்டரிகிட்ட கொடுத்துடணும் சார்!” 2020-ல் கொரோனா வந்தபோதும் இதைச் சொன்னவர்கள் உண்டு.

கொடுத்துப் பார்த்தாகிவிட்டது சார். 1897-ல், பூனாவில்.

அப்போது பிளேக். பிப்ரவரியில் வெள்ளைக்கார சர்க்கார் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. பூனா பிளேக் கமிட்டிக்குத் தலைவராக வந்த ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, வெள்ளைக்கார சோல்ஜர்களை வீடு வீடாக அனுப்பினார். பூட்ஸ் காலோடு பூஜை அறை வரை சோதனை. நோயாளி அகப்பட்டால் ஆஸ்பத்திரி. கூட இருந்தவர்களுக்கு முகாம். தட்டுமுட்டுச் சாமான்களுக்குத் தீ.

விளைவு? காய்ச்சல் என்றால் டாக்டரைத் தேடி ஓடவேண்டிய ஜனங்கள், நோயாளியை ஒளித்து வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பிளேக்குக்கு இதைவிட நல்ல விருந்தோம்பல் வேறென்ன வேண்டும்?

இதில் வேடிக்கை, பிளேக்கைப் பரப்புவது எலி மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி என்று சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டுபிடித்ததே 1898-ல்தான். துப்பாக்கியோடு மனுஷனைத் துழாவிக்கொண்டிருந்தபோது, அசல் அக்யூஸ்ட் காலடியிலேயே குதித்துக்கொண்டிருந்தார்!

1897 ஜூன் 22 ராத்திரி. விக்டோரியா மகாராணியின் வைரவிழா விருந்து முடிந்து திரும்பிய ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். வேறு வண்டியில் வந்த அயர்ஸ்ட் என்ற லெப்டினன்ட்டும் பலி. பிற்பாடு சகோதரர்கள் மூவருக்கும் தூக்கு. ‘கேசரி’யில் எழுதியதற்காகத் திலகருக்கு 18 மாத ஜெயில். பிளேக்? சில மாதத்தில் ஹாயாகத் திரும்பி வந்தது.

நான் பி.காம். எதையும் பேரேடாகத்தான் பார்க்கத் தெரியும். வரவு: கொஞ்ச நாள் கட்டுப்பாடு. செலவு: ஜனங்களின் நம்பிக்கை. அந்தக் கணக்கில் எந்த பாங்கும் ஓவர்டிராஃப்ட் தராது.

அதே 1897 ஜனவரியில் பம்பாயில் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி, தான் தயாரித்த பிளேக் தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார். அப்புறம்தான் அடுத்தவர் கையைக் கேட்டார். அது ஒரு வழி.

அதற்காக, ராணுவம் ஒதுங்கி நிற்க வேண்டுமா? அப்படியில்லை. 2020 பிப்ரவரியில் வுஹானிலிருந்து கூட்டிவந்த நம் மாணவர்களை மானேசரில் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டது நம் ராணுவம்தான். பையன்கள் மாஸ்க்கோடு டான்ஸ் ஆடிய வீடியோவை நாடே பார்த்தது. அங்கேயும் யூனிஃபார்ம்தான். ஆனால் வேலை, வைத்தியம்.

காய்ச்சலில் கிடப்பவன் வீட்டு வாசலில் யூனிஃபார்ம் வந்து நின்றால் உள்ளேயிருந்து கதவு திறக்கிறதா, சாத்துகிறதா? அவ்வளவுதான் சார் டெஸ்ட்.