லத்திக்கு எதுக்கு நன்கொடை?

ஊர் கூடித் தேர் இழுப்பார்கள். அந்தத் தேர் சேரிப் பக்கம் திரும்பாது. இப்போது ஊர் கூடி ஸ்டேசனை இழுக்கச் சொல்கிறார்கள். இதில் மட்டும் சேரிக்காரனுக்கும் ஒரு வடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என்ன பெருந்தன்மை!

'பொதுமக்கள் - காவல்துறை நல்லுறவு' என்று பேனர் கட்டுகிறார்கள். தெருமுனைக் கேமராவுக்கு நன்கொடை வேண்டுமாம். ராத்திரி ரோந்துக்கு இளவட்டங்கள் வேண்டுமாம். ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்க 'தன்னார்வலர்கள்' வேண்டுமாம். சென்னையில் 2017க்குப் பிறகு 'மூன்றாவது கண்' என்ற பெயரில் வணிகர்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் தங்கள் சொந்தச் செலவில் கேமரா வைக்கச் சொன்னார்கள். கொடுத்தவர்களை மேடையேற்றிப் பாராட்டினார்கள். அந்த வழக்கம் இன்று சின்ன ஊர்கள் வரைக்கும் வந்துவிட்டது. கல்லூரியில் படிக்கிற நம் தம்பிமார்களையும் கூப்பிடுகிறார்கள். அவர்களில் சிலர் போகவும் நினைக்கிறார்கள். அவர்களோடு பேசத்தான் இதை எழுதுகிறோம்.

போகிற தம்பி சொல்கிற நியாயத்தை முதலில் கேட்போம். "ஸ்டேசன்ல நாலு பேரைத் தெரிஞ்சு வச்சிக்கிட்டா பொய்க் கேசு குறையும்ணே. நாளைக்கு வேலைக்குப் போறப்ப போலீஸ் விசாரணை வரும், அப்ப உதவும். திருட்டும் கஞ்சாவும் நம்ம தெருவுலயுந்தானே இருக்கு?" இதில் எதுவும் பொய்யில்லை. பயத்திலிருந்து வருகிற நியாயம் அது. அந்தப் பயத்தை உண்டாக்கியது யார் என்பதுதான் கேள்வி.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியலில் போலீஸ் இரண்டாவதாக இருக்கிறது. அது அரசின் வேலை, அரசின் செலவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது 265ஆம் பிரிவு. தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் கூலிக்காரன் வரி கட்டுகிறான். லத்திக்கும் ஜீப்புக்கும் அதிலிருந்துதான் காசு போகிறது. ஒரு தடவை கொடுத்தாச்சு. இரண்டாவது தடவை எதுக்கு? "இது வரி இல்லைங்க, விருப்பப்பட்டுக் கொடுக்கிறது" என்பார்கள். ஸ்டேசன் பேரைச் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கிறவனிடம் பெட்டிக்கடைக்காரன் 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லிவிட்டு மறுநாள் நிம்மதியாகக் கடை திறக்க முடியுமா? முடியாதென்றால் அதற்குப் பேர் நன்கொடை இல்லை.

அதைவிட முக்கியமான விசயம் ஒன்று இருக்கிறது. காசு கொடுக்கிறவன் சும்மா கொடுக்க மாட்டான். இரண்டு லட்சம் கொடுத்த அரிசி மில் முதலாளியும் பத்து ரூபாய் கொடுத்த நடவுக்காரியும் ஒரே நாளில் ஸ்டேசனுக்குப் போனால் யாருக்கு நாற்காலி போடுவார்கள்? மில்லில் கூலி கேட்டு நாம் உட்கார்ந்தால் அந்த எஸ்.ஐ. யார் பக்கம் நிற்பார்? எந்தத் தெருவுக்குக் கேமரா என்று முடிவு செய்கிறவன் யார்? காலனிக்குப் போகிற பாதையைப் பார்த்துக் கேமரா திரும்பும். டீக்கடையில் தனிக் குவளை வைத்திருக்கிற அலமாரியைப் பார்த்து ஒரு கேமரா திரும்புமா? கோயில் வாசலில் நம்மை மறிக்கிற கையைப் பார்த்துத் திரும்புமா? குற்றத்தடுப்பு என்றால் எதைத் தடுப்பது? தீண்டாமை குற்றம் என்று 1955லேயே சட்டம் போட்டாயிற்று. அதைத் தடுக்க எந்த ஊரில் ரசீதுப் புத்தகம் அச்சடித்தார்கள்?

காவலுக்கு ஊரிடம் காசு வாங்குவது ஒன்றும் புதுசு இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே பாடிகாவல் என்று ஒரு வரி இருக்கிறது. வெள்ளைக்காரன் தன் பங்குக்கு 1861 போலீஸ் சட்டத்தில் 15ஆம் பிரிவை வைத்தான். கலவரப் பகுதி என்று அறிவித்துக் கூடுதல் போலீசை இறக்கி, அதற்கான செலவை அங்கே குடியிருக்கிறவர்கள் தலையிலேயே கட்டலாம் என்றான். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து பிறப்பையே குற்றமாக்கினான். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. ஸ்டேசன் புத்தி ஒழிந்ததா? திருட்டு நடந்த மறுநாள் காலையில் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்குள் நுழைகிறது என்று பாருங்கள், தெரியும்.

நாம் காவலுக்கு எதுவும் கொடுத்ததில்லையா? நம்மைவிட அதிகம் கொடுத்தவன் யார்? ஊர்க் காவலுக்கும் தண்டோராவுக்கும் நம் பாட்டன்மார்தான் ஓடினார்கள். அனாதைப் பிணத்தைத் தூக்கியவர்களும் அவர்கள்தான். கிடைத்த கூலி நாலு படி நெல், இல்லையென்றால் அதுவும் இல்லை. மராட்டியத்தில் மகர்களை 'வதன்' என்ற பெயரில் இப்படித்தான் கட்டிப் போட்டிருந்தார்கள். துண்டு நிலத்தைக் காட்டி, ராப்பகலாக ஊருக்கும் சர்க்காருக்கும் ஊழியம் வாங்கினார்கள். அதை உடைக்க 1928இல் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார் பாபாசாகேப் அம்பேத்கர். இந்த 'மரியாதை' நமக்கு வேண்டாம், இது அடிமைச் சங்கிலி என்று தன் மக்களிடமே வாதாடினார். 1958இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. சம்பளம் இல்லாத காவல் வேலையை நம் தாத்தாவிடம் சாதி வாங்கியது. பேரனிடம் அதையே 'தன்னார்வம்' என்று கேட்கிறார்கள். அடையாள அட்டையும் தொப்பியும் மாட்டிவிட்டால் வெட்டி வேலை சேவையாகிவிடுமா?

இந்த நட்பின் கதை நமக்குத் தெரியாததும் அல்ல. 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 'பிரண்ட்ஸ் ஆப் போலீஸ்' தொடங்கினார்கள். மக்களும் போலீசும் நண்பர்களாவது நல்லதுதானே என்று பலரும் நம்பினார்கள். நம்பிச் சேர்ந்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேசனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் சித்ரவதைக்குப் பிறகு செத்துப்போனார்கள். அந்தக் கொடுமையில் இந்த 'நண்பர்கள்' மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது. யோசித்துப் பாருங்கள். அரசு ஊழியன் தப்பு செய்தால் சஸ்பெண்டு, விசாரணை என்று பேருக்காவது ஏதோ இருக்கிறது. சம்பளமும் பொறுப்பும் இல்லாதவனை லத்திக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவனை யார் கேட்பது?

அதே சாத்தான்குளத்தில் இன்னொன்றும் வெளிவந்தது. ஸ்டேசனுக்குள்ளேயே கேமரா இருந்தது. அதில் பதிவானது தினந்தோறும் தானாக அழிந்துபோகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். தெருவில் நடக்கிறவனைப் பார்க்க ஊர்க்காசில் கேமரா, லாக்கப்பில் அடிபடுகிறவனுக்கு அழிகிற கேமரா! 2020 டிசம்பர் 2இல் உச்சநீதிமன்றம் எல்லா ஸ்டேசன்களிலும் வாசல், லாக்கப், வராந்தா என்று ஒன்று விடாமல் கேமரா வைத்துப் பதிவைப் பாதுகாக்கச் சொன்னது. அதற்குப் பிறகும் 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை விசாரணை என்ற பெயரில் அடித்தே கொன்றார்கள். அங்கே உண்மையை வெளியே கொண்டுவந்தது யாரும் நன்கொடை கொடுத்து மாட்டிய கேமரா இல்லை. ஒரு சாதாரண ஆள் மறைந்திருந்து தன் செல்போனில் எடுத்த காட்சிதான்.

'நல்லுறவு' என்கிறார்களே, உறவு கெட்டது எங்கே? வாச்சாத்தி, 1992. பதினெட்டுப் பழங்குடிப் பெண்களை வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து சிதைத்த வழக்கு. 2011இல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பது வருசத்துக்கு மேல் அந்தப் பெண்கள் கோர்ட்டுப் படியேறினார்கள். கொடியன்குளம், 1995 ஆகஸ்ட் 31. குடிதண்ணீர்க் கிணற்றைக்கூட விடவில்லை. தாமிரபரணி, 1999 ஜூலை 23. கூலி கேட்ட தோட்டத் தொழிலாளருக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேர் ஆற்றில் பிணமானார்கள். பரமக்குடி, 2011 செப்டம்பர் 11. இமானுவேல் சேகரன் நினைவு நாளிலேயே துப்பாக்கிச் சூடு. இதையெல்லாம் ஒரு கபடிப் போட்டி நடத்தி, கோப்பை கொடுத்துச் சரிக்கட்டிவிடலாமா? தண்டனையும் நியாயமும் முதலில் வரட்டும். உறவு அதற்குப் பின்னால் வரும்.

"அப்ப நம்ம தெருவுல நடக்குற குற்றம்?" என்று தம்பி கேட்டானே, அதற்கும் பதில் சொல்லவேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விசச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கூலிகள், நம் சனங்கள். சாராயம் விற்ற இடம் ஏதோ மலைக்காடு இல்லை, ஸ்டேசனுக்கும் கோர்ட்டுக்கும் பக்கத்துலயேதான். காசு இல்லாததாலா அது போலீஸ் கண்ணில் படவில்லை? வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இரண்டு வருசம் கழித்து, 2025 ஜனவரியில், சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தலித் இளைஞர் மூவர் மேலேயே வந்தது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. இந்த வியாதி பணம் போட்டால் தீருகிற வியாதியா?

கடல் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவின் அட்லாண்டாவில் போலீஸ் பயிற்சிக்கென்று ஒரு பெரிய வளாகம் கட்ட, போலீசுக்காகவே நடக்கிற ஒரு அறக்கட்டளை கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கியது. நகராட்சிப் பணமும் போனது. கறுப்பின மக்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். 2023 ஜனவரியில் காட்டுக்குள் கூடாரம் போட்டிருந்த ஒரு போராளியைச் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் வாக்கெடுப்பு கேட்டு ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து கொடுத்தார்கள். வாக்கெடுப்பு நடக்கவில்லை. கம்பெனியின் நன்கொடைக்கு இருந்த செல்வாக்கு லட்சம் பேர் கையெழுத்துக்கு இல்லை. அதே நாட்டில்தான் 1966இல் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் போலீஸ் ரோந்துக்குப் பின்னாலேயே ரோந்து போனார்கள். சட்டப் புத்தகத்தையும் கையில் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை வாங்கித்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். ரோந்து போக ஆசைப்படுகிற தம்பிக்கு நாம் காட்டுகிற ரோந்து அது.

சரி, வசூலே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். யாரிடம், எதுக்கு என்பதுதான் விசயம். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 10ஏ என்று ஒரு பிரிவு 1976இல் சேர்ந்தது. தீண்டாமைக் குற்றத்துக்கு உடந்தையாக இருக்கிற ஊரின் மேல் அரசு கூட்டு அபராதம் போடலாம் என்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதை எடுத்துப் பயன்படுத்தச் சொல்கிறது. வசூல் பண்ண ஆசையாக இருந்தால் கலெக்டரையும் எஸ்.பி.யையும் அந்த ரசீதுப் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள்! மக்களும் போலீசும் உட்கார்ந்து பேச மேடை வேண்டுமா? 1995 விதிகளில் 17ஆம் விதி மாவட்டக் கண்காணிப்புக் குழுவைச் சொல்கிறது. கலெக்டர் தலைமை, எஸ்.பி. உண்டு, நம் ஆட்களும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும். உங்கள் மாவட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். செலவழிக்கவேண்டிய பத்து ரூபாய் அதுதான்.

நாமும் நமக்கென்று ஒரு நிதி திரட்டுவோம். பொய் வழக்கில் உள்ளே போனவனுக்கு ஜாமீன் செலவு, சாட்சி சொல்ல வருகிற ஆயாவுக்கு பஸ் காசும் சாப்பாடும், முதல் தகவல் அறிக்கை நகல், அடிபட்டவனுக்கு மருத்துவச் சான்று, ஒரு வக்கீல் என்று அதற்குத் தேவை நிறைய இருக்கிறது. மாணவர்கள் கையில் ரசீதுப் புத்தகம் வேண்டுமென்றால் இந்தப் புத்தகம் இருக்கட்டும். கணக்கை மாதாமாதம் சேரியில் உரக்கப் படிப்போம். ஸ்டேசன் நிதிக்கு அப்படி யாராவது கணக்குப் படித்ததுண்டா?

தம்பிகளே, உங்களைக் கூப்பிட வருகிறவர்களிடம் சண்டை போடவேண்டாம். உட்காரவைத்து நாலு கேள்வி கேளுங்கள். இந்த ஸ்டேசனில் வன்கொடுமைச் சட்டத்தில் எத்தனை புகார் வந்தது, எத்தனை பதிவானது? பதிய மறுத்த அதிகாரி மேல் 4ஆம் பிரிவில் எத்தனை நடவடிக்கை? லாக்கப் கேமராவின் பதிவு எத்தனை மாதம் இருக்கிறது? வாங்கிய நன்கொடைக்கு ரசீது யார் பெயரில், தணிக்கை யார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள், முத்திரையோடு. அது கைக்கு வரட்டும். அப்புறம் சேரியில் கூட்டம் போட்டு, பொம்பளைகளையும் உட்காரவைத்து, ஸ்டேசனுக்கு ஒரு ரூபாயாவது கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வோம்.