மாத்திரையும் ஒரு நாள் பேரும்



சம்பளத்தைப் பற்றியும் நிறுவையில் வெட்டும் கிலோவைப் பற்றியும் இந்தப் பக்கத்தில் எழுதிப் பழகிவிட்டோம். இம்முறை மாத்திரையைப் பற்றி எழுதுகிறேன். அது ஆஸ்பத்திரி சமாச்சாரம், சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்து வாசிக்கட்டும்.

எந்த லயத்துக்குப் போனாலும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பை தொங்கும். உள்ளே கிளினிக் கொப்பி, மாத்திரை உறைகள். பிரஷருக்கு ஒன்று, சீனிக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. மாதக் கடைசியில் அந்த உறைகளைத் திறந்து பாருங்கள். காலியாக இருக்க வேண்டிய உறையில் பாதி மிச்சம் இருக்கும்.

"இப்ப நல்லாத்தான் இருக்கேன், எதுக்குச் சும்மா போடணும்?" என்பார்கள். பிரஷரைப் பொறுத்தவரை இந்தப் பேச்சுத்தான் ஆபத்தானது. பிரஷர் கூடினால் பெரும்பாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. தலைவலி இல்லை, சுற்றல் இல்லை, மலை ஏறலாம், கூடை சுமக்கலாம். உள்ளே இருதயமும் சிறுநீரகமும் மூளைக்குப் போகும் இரத்தக் குழாயும் மெதுவாகக் கெட்டுக்கொண்டிருக்கும். கிளினிக்கில் அளந்தபோது சரியாக இருந்தது என்றால், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். வருத்தம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. நிறுத்தினால் மறுபடி ஏறும்.

ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுவதில் பெயர் எடுத்த ஒருவர் இருந்தார். பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். பிறகு தலை வலித்தால் மட்டும் போட்டார். ஒரு காலை பீலியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவருக்குப் பாரிசவாதம் அடித்தது. கத்தி பிடித்த கையும் அதே பக்கத்துக் காலும் விழுந்துவிட்டன. வயது ஐம்பதுகூட ஆகவில்லை. இப்போது மனைவியின் பேரில்தான் வீடு ஓடுகிறது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மகள் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பாடசாலையை விட்டுவிட்டாள். இது ஒரு வீட்டுக் கதை மட்டும் என்று எந்தத் தோட்டத் தலைவராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

ஆனால் அந்த மனிதரைச் சோம்பேறி என்றோ படிப்பறிவு இல்லாதவர் என்றோ சொல்ல நான் தயாரில்லை. கிளினிக் நாளில் விடியற்காலையில் தோட்டத்தில் இருந்து இறங்கி, பஸ்ஸைப் பிடித்து, நம்பர் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, மருந்து வாங்கி வெளியே வரும்போது பகல் தாண்டிவிடும். அன்றைக்குப் பேர் இல்லை. மருந்து இலவசம்தான், அந்த நாள் இலவசம் இல்லையே! பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, ஏலாதவர்களுக்கு ஓட்டோ காசு. ஆகவே ஒரு மாதத்து மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுக்கிறார்கள். இது கூலிக் கணக்கு. சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

இழுத்துப் போடுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒழுங்காகப் போடவில்லை என்பதை டொக்டரிடம் மறைத்தால், கொடுத்த மருந்து போதவில்லை என்றுதான் அவர் நினைப்பார். அளவைக் கூட்டுவார், அல்லது இன்னொன்று சேர்ப்பார். வீட்டுக்கு வந்து, பயந்துபோய், அத்தனையையும் ஒழுங்காகப் போட்டால் பிரஷர் திடீரென இறங்கி எழும்பும்போதே விழ நேரும். திட்டினாலும் பரவாயில்லை, விட்ட நாட்களை விட்டேன் என்றே சொல்லுங்கள். மறந்த மாத்திரைக்கு ஈடாக அடுத்த வேளை இரண்டாகப் போடவும் வேண்டாம்.

பெண்களிடம் பேசினால் வேறொரு காரணம் வெளியே வரும், அதுவும் ஆண்கள் எழுந்து போன பிறகுதான். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் போக்கும். காலையில் போடச் சொல்லித்தான் கொடுப்பார்கள். மலையில் கழிப்பறை எங்கே இருக்கிறது? அட்டை கடிக்கும் காட்டோரத்தில் ஒதுங்கவேண்டும், அதற்குள் நிரையில் பின்தங்கிவிடுவோம், கிலோ குறையும். அதனால் வேலை நாளில் அந்த மாத்திரை போடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறேன் என்று ஒரு அக்கா சொன்னார். மலைக்குக் கழிப்பறை கேட்பதும் மருந்து கேட்பதும் ஒரே கோரிக்கைதான் என்று அன்று விளங்கியது. வேறு நேரத்தில் போடலாமா, வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று டொக்டரிடம் கேட்கலாம். வெட்கப்பட்டு நிறுத்துவதைவிட அது நல்லது.

சீனி வருத்தக்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரம் முக்கியம். சில மாத்திரைகள் சாப்பிட்ட கையோடு போடவேண்டியவை, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிற்றோட்டம் வரும். வேறு சில, போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனியை அளவுக்கு மேல் இறக்கிவிடும். மாத்திரையை விழுங்கி, வெறும் சாயத்தண்ணியோடு மலைக்கு ஓடுகிறவருக்குப் பத்து மணிக்கு வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். செங்குத்தான மலையில் அப்படி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விரதம் பிடிப்பவர்களும் டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். (கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயம் குடிக்கும் நம் பழக்கத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும். சங்கக் கூட்டத் தேநீரும் அதில் சேர்த்தி.)

லயத்தில் உப்பு, மிளகாய், அரிசி கைமாறும். அது நல்ல வழக்கம். மாத்திரை கைமாறக் கூடாது. பக்கத்துக் காம்பராவில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கைப் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கொடுப்பதும், இரண்டு நாளில் சுகமானதும் மிச்சத்தை எடுத்து வைப்பதும் நம்மிடம் சாதாரணம். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து கொடுப்பது சும்மா இல்லை. ஓரிரு மாதத்தில் இருமல் நிற்கும், உடம்பு தேறும், ஆனால் கிருமி செத்திருக்காது. இடையில் விட்டால் அடுத்த முறை அதே மருந்துக்கு அது மசியாமல் போகலாம். அடுக்கடுக்காக ஆட்கள் படுக்கும் காம்பராவில் அது ஒருவரோடு நிற்குமா?

உறையில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் ஒரு பிரச்சினை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இன்றும் நம் ஆட்களின் கையில் இருக்கும் பல உறைகளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கிறுக்கியிருக்கிறது. காலை, பகல், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று தமிழில் ஒரு முத்திரை குத்த எவ்வளவு செலவாகும்? அது வரும்வரை, மருந்து கொடுக்கும் இடத்திலேயே நின்று கேளுங்கள். பின்னால் வரிசை நெருக்கினாலும் கேளுங்கள்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவையை முதலாளி கவனிக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் 1912இலேயே சட்டம் போட்டான். கருணையால் அல்ல, ஆள் விழுந்தால் கொழுந்தெடுக்க ஆள் இல்லை என்பதால். 1992இல் கம்பனிகள் வந்தன, சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. இடையில் நம் கிளினிக் நாள் யார் கணக்கிலும் இல்லாமல் போய்விட்டது.

வழி இல்லாமல் இல்லை. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். நமக்குத் தனி விலாசம் இல்லை, கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து கிடக்கும் என்பது வேறு கதை, அதுவும் நம் பழைய கோரிக்கைதான். வருத்தம் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம். நடமாடும் கிளினிக் தோட்டத்துக்கு வரலாம். கொப்பியில் திகதி குத்தியிருந்தால் அன்றைக்குப் பேர் போடலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒரு கணக்கு எடுத்து அனுப்புங்கள். உங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் கிளினிக் போகிறார்கள், எந்த ஆஸ்பத்திரிக்கு, போய்வர எவ்வளவு செலவு, மாதத்தில் எத்தனை பேர் இழக்கிறார்கள். ஆட்களின் பெயர் வேண்டாம், என்ன வருத்தம் என்றும் எழுதவேண்டாம். கம்பனியோடு பேசும் மேசையில் வைக்க நமக்கு அந்த எண்கள் போதும்.