நூலில் பிறந்த பாவை



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. குடிலுக்கு வைக்கோல் தேடுவதற்கு முன்பே, குழந்தைகள் உள்ள இல்லங்களில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: “இந்தப் பண்டிகைக்கு எனக்கு என்ன வாங்கித் தருவீர்கள்?” குழந்தை கேட்பதில் தவறில்லை. விடை கூற வேண்டிய தாயின் நெஞ்சில்தான் கணக்கும் கலக்கமும் ஒருங்கே எழுகின்றன. அத்தகைய ஒரு தாயைப் பற்றியே இத்திங்கள் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் குடியிருப்பு ஒன்றில் வாழும் அச்சகோதரியை நான் பல ஆண்டுகளாக அறிவேன். கணவர் தறியில் வேலை செய்கிறார். மகளுக்கு வயது ஆறு. சென்ற ஆண்டு மார்கழியில், கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னே நின்ற ஒரு பொம்மை அச்சிறுமியின் மனத்தைக் கவர்ந்துவிட்டது. அழுத்தினால் பாடும், சாய்த்தால் கண் மூடும். அதன் விலையோ தந்தையின் மூன்று நாள் கூலி. வாரத் தவணைக்குக் கடன் கொடுப்பவர் வாசலுக்கே வருகிற காலம் இது. வாங்கிவிடலாமா என்று ஓர் இரவு முழுதும் எண்ணிப் பார்த்திருக்கிறாள் அந்தத் தாய்.

கடன் வாங்கவில்லை. சிறுவயதில் கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் கற்ற பின்னல் வேலை நினைவுக்கு வந்தது. பாவு முடிந்தபின் தறியில் எஞ்சும் நூலைச் சேர்த்தாள். மகள் உறங்கிய பிறகு, பத்து இரவுகள் விழித்திருந்து, சிவப்புத் தொப்பி அணிந்த சிறு பொம்மை ஒன்றைப் பின்னி முடித்தாள். விழா நாள் காலையில் அதை மகளிடம் கொடுத்து, “இந்த வருடம் நம்மால் இவ்வளவுதான் முடிந்தது, கண்ணு” என்று பெருமூச்சு விட்டாள். குழந்தை வாங்கிப் பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டது.

“காசில்லாமல் செய்த பொம்மை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதே, அக்கா!” என்று என்னிடம் வந்து கண்ணீர் வடித்தாள். அன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. “எளிமையாக வாழ்வது நல்லதுதானே” என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லாதவளிடம் எளிமையைப் போதிப்பது பசித்தவனிடம் நோன்பின் பெருமையைப் பேசுவதற்கு ஒப்பாகும் அல்லவா?

வானம் பார்த்த இந்தப் பூமியில் எளிமை என்ற சொல்லை நாம் எச்சரிக்கையாகவே கையாள வேண்டும். ஐப்பசி மழை பொய்த்தால் கரிசலில் விதைத்த பருத்தி கைக்கு வராது. வெட்டி மூட்டம் போடுவதற்குச் சீமைக் கருவேலம்தான் மிஞ்சும். இங்கே பலருடைய வாழ்வு எளிதாக இருப்பது அவர்கள் விரும்பித் தேர்ந்ததால் அன்று. திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு பிறந்த இரமண மகரிஷி, அனைத்தையும் விட்டு அண்ணாமலைக்குச் சென்றார். அது துறவியின் எளிமை. பிள்ளை குட்டிகளோடு வாழும் இல்லறத்தார் எதை விடுவது, எதைக் கொள்வது?

இக்கேள்வியோடு நான் மீண்டும் எடுத்துப் படித்த நூல், ஜே. சி. குமரப்பா எழுதிய ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’. நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்பது அதன் பொருள். குமரப்பா 1892-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்காய்வு பயின்று, பம்பாயில் அத்தொழில் நடத்தி, அமெரிக்காவில் பொருளியல் கற்றவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் மேனாட்டு உடையையும் வருவாய் மிக்க தொழிலையும் துறந்து, 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை நடத்தினார். அவரது இறுதி ஆண்டுகள் கழிந்த இடம் நமக்குத் தொலைவானதன்று. மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமமே அது. 1960-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், அவரும் இறைவனடி சேர்ந்தார்.

சிறையில் இருந்தபோது குமரப்பா எழுதிய அந்நூலில், உயிர்கள் வாழும் முறையை அவர் ஐந்து படிகளாக வகுக்கிறார். புலி பிற உயிரைக் கொன்று தன் வயிற்றை நிரப்புகிறது. குரங்கு தான் நடாத மாமரத்தில் ஏறிப் பழத்தைத் தின்கிறது. பறவை தன் உழைப்பால் தனக்கொரு கூடு கட்டுகிறது. தேனீ தனக்காக மட்டுமன்றித் தன் கூட்டம் முழுவதற்கும் தேன் சேர்க்கிறது. ஐந்தாவது படியே உயர்ந்தது. கைம்மாறு எதுவும் கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாயின் வாழ்வு அது. இதனைத் தொண்டுப் பொருளாதாரம் என்கிறார் அவர்.

சகோதரிகளே, நம் வீட்டுச் செலவுகளை இந்த ஐந்து படிகளில் நிறுத்திப் பாருங்கள். பண்டிகைக்காகக் கடன் வாங்கி, வட்டிக்காக அடுத்த மாதப் பிள்ளைகளின் பாலைக் குறைக்கும்போது, நாம் எந்தப் படியில் நிற்கிறோம்? நூலெடுத்து இரவில் கண் விழித்துப் பின்னிய அந்தத் தாய் எந்தப் படியில் நின்றாள்? அவள் நின்றது ஐந்தாவது படியில். ஆனால் தான் அங்கே நிற்பதை அவள் அறியவில்லை. அதனால்தான் அந்தப் பெருமூச்சு வந்தது.

வாழ்க்கைத் தரம் ‘உயர்ந்தது’, ‘தாழ்ந்தது’ என்று பேசுவதே பிழை என்பது குமரப்பாவின் மற்றொரு கருத்து. ‘சிக்கலானது’, ‘எளியது’ என்றே பேச வேண்டும் என்கிறார். பொருள்கள் மிகுவதால் வாழ்வு சிக்கலாகிறதேயன்றி, உயர்ந்துவிடுவதில்லை. எளிய வாழ்வு அறிவிலும் பண்பிலும் மிக உயர்ந்ததாக இருக்கக்கூடும். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஷுமாக்கர் என்னும் பொருளியல் அறிஞர், 1973-இல் வெளியிட்ட ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ என்னும் புகழ்பெற்ற நூலில், உழைப்பின் மாண்பைப் பற்றிப் பேசுமிடத்தில் நம் குமரப்பாவை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஷுமாக்கர் 1971-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் என்பதும் நாம் அறியத்தக்கது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வழங்கிய ‘லௌதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடலும், குறைந்த பொருளோடு நிறைந்த மனத்துடன் வாழ இயலும் என்றே நமக்குக் கற்பிக்கிறது.

ஒன்றை மறவாமல் கூறுகிறேன். எளிமையைப் பற்றிப் பேசும் வாய் நியாயமான கூலியைப் பற்றியும் பேச வேண்டும். உழைப்பவர் குடும்பம் மானத்தோடு வாழப் போதுமான ஊதியம் பெறுவது அவரது உரிமை என்று 1891-இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். தறிக்காரரின் கூலி உயர வேண்டும் என்று கேட்பது பேராசையன்று. கூலி உயர்ந்தபின்னும் அதனைக் கடைக் கண்ணாடிக்குப் பலியிடாமல் காப்பதே எளிமை.

கையால் செய்த பாவை நம் மண்ணுக்குப் புதியதன்று. பஞ்சாய்க் கோரையால் சிறுமியர் பாவை செய்து விளையாடியதைச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. பின்னல் ஊசி பிற்காலத்தில் வந்தது. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து குமரி நாட்டு முளகுமூட்டுக்கு வந்த மதர் மரி லூயிஸ் தெ மெஸ்டர் போன்ற துறவியர், ஆதரவற்ற பெண்களுக்கு ஊசி வேலை கற்பித்து அவர்கள் சொந்தக் காலில் நிற்க வழி செய்தனர். நம் அன்னையர் பலர் மடத்துத் தையல் வகுப்பில் கற்ற கலையின் வேர் இத்தகைய தொண்டில் இருக்கிறது.

அண்மைக் காலச் சான்றும் ஒன்றுண்டு. 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடியது. புதுச்சேரியை அடுத்த ஆரோவிலில் உள்ள உபாசனா என்னும் ஆடையகத்தினர், அலையில் துயருற்ற மீனவப் பெண்களுக்கு வெட்டுத் துணியிலிருந்து விரல் நீளச் சிறு பொம்மைகள் செய்யக் கற்றுக் கொடுத்தனர். ‘சுனாமிகா’ என்பது அதன் பெயர். அந்தப் பொம்மை விலைக்கு விற்கப்படுவதில்லை, அன்பளிப்பாகவே கொடுக்கப்படுகிறது. மனமுள்ளோர் தரும் நன்கொடையால் பெண்களின் உழைப்புக்கு ஊதியம் கிடைத்தது. எறியப்பட வேண்டிய துணுக்குத் துணி பல நாடுகளுக்குப் பயணம் போனது. அலைக்குப் பின் கடலைப் பார்க்கவே அஞ்சியவர்களின் கைகளுக்கு அந்தச் சிறு வேலை ஆறுதலாயிற்று. செய்பவளையும் தேற்றுகிறது கைவேலை, பெறுபவரை மட்டுமன்று.

இனி, செய்முறையைச் சொல்கிறேன். நம் ஊருக்குக் கம்பளி நூல் வேண்டுவதில்லை. பருத்தி நூலே ஏற்றது. தறி நூல் மெல்லியதாதலால் பத்துப் பன்னிரண்டு இழைகளை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் சிறிது நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். மெல்லிய இரு பின்னல் ஊசிகளை எடுத்து 36 கண்ணிகள் ஏற்றுங்கள். எல்லா வரிசைகளையும் நேர்க்கண்ணியாகவே பின்னலாம். காலுக்கு 20 வரிசை, சட்டைக்கு 24, முகத்துக்கு 16, தொப்பிக்கு 12 என நிறம் மாற்றிப் பின்னினால் மொத்தம் 72 வரிசைகள் ஆகும். கடைசி வரிசைக் கண்ணிகளை ஒரே நூலில் கோத்து இழுத்துச் சுருக்கி முடிச்சிடுங்கள். பின்புறத்தைத் தைத்து, பஞ்சு நிரப்பி, அடியை மூடுங்கள். கழுத்தில் ஒரு நூலைச் சுற்றி இறுக்கினால் தலை பிறக்கும். கீழ்ப்பகுதியின் நடுவே முன்னும் பின்னும் சேர்த்துத் தைத்தால் கால்கள் இரண்டாகும். அரைச் சாணுக்குச் சற்று மிகுந்த பாவை உங்கள் கையில் இருக்கும்.

கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வேண்டா. சிறு குழந்தை பிய்த்து விழுங்கிவிடக்கூடும். கறுப்பு நூலால் இரண்டு தையல் போதும். கடையில் விளையாட்டுப் பொருள் வாங்கும்போதும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 சனவரி முதல் அது கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

இப்பொழுது, அரிசிப் பானைக்குப் பின்னே கிடந்த பொம்மைக்கு வருவோம். கோடை விடுமுறையில் அத்தாய் மீண்டும் ஊசிகளை எடுத்தாள். இம்முறை மகள் உறங்கும்வரை காத்திருக்கவில்லை. “உனக்கு எந்த நிறம் வேண்டும், கண்ணு?” என்று கேட்டாள். சிறுமி பச்சை நூலைத் தேர்ந்தாள். இழைகளைச் சேர்த்துச் சுற்றினாள். பஞ்சை விரலால் உள்ளே தள்ளினாள். முகத்துக்கு வந்தபோது, சிரிக்கிற வாய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். பின்னி முடிந்த அன்று, யாரும் சொல்லாமலே பானைக்குப் பின்னே சென்று பழைய பொம்மையை எடுத்து வந்து, தூசி தட்டி, புதியதன் அருகில் வைத்தாளாம். “இது அக்கா, இது தங்கச்சி” என்றாளாம்.

நூல் அதே நூல்தான். ஊசியும் அதே ஊசிதான். வருவாயும் உயர்ந்துவிடவில்லை. முதற்பொம்மை பெருமூச்சோடு வந்தது. இரண்டாவது பேச்சும் சிரிப்புமாக வந்தது. குழந்தைகள் விலைச்சீட்டைப் படிக்குமுன் நம் முகத்தைப் படித்துவிடுகிறார்கள். நாம் வெட்கத்தோடு கொடுப்பதை அவர்கள் வெட்கத்தோடு பெறுகிறார்கள். மகிழ்வோடு கொடுத்தால் மகிழ்வோடு பெறுகிறார்கள். வறுமையை எளிமையாக மாற்றுவது பொருளன்று. கொடுப்பவளின் நிமிர்ந்த நெஞ்சமே.

திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் தபித்தா என்னும் ஒரு பெண்மணியைக் காண்கிறோம். அவர் இறந்தபோது பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுத கைம்பெண்கள், அவர் பணம் கொடுத்தார் என்று சொல்லவில்லை. அவர் தம் கையால் செய்து தந்த ஆடைகளை எடுத்துக் காட்டினார்கள். நம் பிள்ளைகள் நாளை நம்மை நினைக்கையில் எதை எடுத்துக் காட்டுவார்கள்?

இத்திருவருகைக் காலத்தில் ஒரு சிறு முயற்சி செய்வோம். இரவு செபமாலைக்குப் பின் கால் மணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஓய வைப்போம். ஒருவர் நல்ல நூலொன்றில் இரண்டு பக்கம் உரக்கப் படிக்கட்டும். மற்றவர் கைகள் பின்னட்டும், நூல் சுற்றட்டும். விழா நாளுக்குள் ஒரு பாவை பிறந்துவிடும். கூடுமானால் இரண்டாக்குங்கள். ஒன்று நம் வீட்டுக் குழந்தைக்கு. மற்றொன்று நம் தெருவில் யாரும் எதுவும் வாங்கித் தராத குழந்தைக்கு.

தச்சர் வீட்டில் வளர்ந்த பாலன் இயேசுவும், சூசையப்பர் சீவிய மரத்துண்டுகளை வைத்துத்தான் விளையாடியிருப்பார். அந்த இல்லத்தின் நிறைவு நம் இல்லங்களிலும் தங்குவதாக!