தலைக்கு மேல் தொங்கும் அலட்சியம்!

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி மாலை. தலைநகர் தில்லியின் கரோல் பாக் பகுதியிலுள்ள தெருவொன்றில், ஸ்கூட்டரில் அமர்ந்தபடி நண்பருடன் பேசிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். அங்கிருந்த கட்டடத்தின் இரண்டாவது மாடியிலிருந்து குளிர்சாதன இயந்திரத்தின் வெளிப்பகுதி அவர் தலைமீது விழுந்தது. இருபது வயதைக்கூட எட்டாத அந்த இளைஞர் உயிரிழந்தார். உடன் நின்ற நண்பர் காயமடைந்தார். கண்காணிப்பு கேமராவில் பதிவான அந்தக் காட்சியைக் கண்டு நாடே அதிர்ந்தது. சில நாள்களில் மறந்தும் போனது.

மறப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால், இத்தகைய விபத்துக்கு இடமளிக்கும் சூழல் மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தலைநகரின் ஏதாவது ஒரு குடியிருப்புத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே விடை தெரிந்துவிடும். அரசு ஊழியர் குடியிருப்புகளிலும், தில்லி வளர்ச்சிக் குழுமத்தின் அடுக்குமாடி வீடுகளிலும், மாணவர்கள் வாடகைக்குத் தங்கியிருக்கும் முகர்ஜி நகர், லட்சுமி நகர் சந்துகளிலும் ஜன்னலுக்கு ஜன்னல் ஏ.சி. துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைத் தாங்கி நிற்பது சில இடங்களில் முறையான இரும்புச் சட்டம். பல இடங்களில் துருவேறிய பழைய கூலர் ஸ்டாண்ட். வேறு சில இடங்களில் இரண்டு செங்கல்லும் ஒரு மரக்கட்டையும்.

கோடையின் கொடுமையில் ஏ.சி.யை ஆடம்பரம் என்று ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. 2024 மே 29-ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. அடுத்த மாதம் 19-ஆம் தேதி தில்லியின் உச்சபட்ச மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. முதியோரும் குழந்தைகளும் நோயாளிகளும் உள்ள வீடுகளில் ஏ.சி. இன்றியமையாத் தேவையாகிவிட்டது. தேவை பெருகும்போது அதற்கேற்ற பொறுப்பும் பெருக வேண்டாமா?

ஒன்றரை டன் திறனுள்ள ஜன்னல் ஏ.சி.யின் எடை ஏறத்தாழ 50 கிலோ. இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து, அதாவது சுமார் 20 அடி உயரத்திலிருந்து அது விழுந்தால், தரையைத் தொட ஒரு விநாடிக்குச் சற்றே கூடுதலான நேரம் போதும். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு நெல் மூட்டைக்கு நிகரான இரும்புப் பெட்டி அந்த வேகத்தில் தலையில் விழுவதை எந்தத் தலைக்கவசமும் தாங்காது. கூச்சலிட்டு எச்சரிக்கவோ, ஒதுங்கி ஓடவோ அவகாசமும் இருக்காது.

இந்தப் பேராபத்துக்கும் பாதசாரிக்கும் இடையில் இருப்பது ஒரு தாங்கு சட்டம் மட்டுமே. அதன் அமைப்பு மிக எளிமையானது. மேலே ஒரு கிடைமட்ட இரும்பு, சுவரையொட்டி ஒரு செங்குத்து இரும்பு, இரண்டையும் இணைக்கும் சாய்வு இரும்பு. ஆக, ஒரு முக்கோணம். ஜன்னல் ஏ.சி.யின் கனமான பாகமான கம்ப்ரஸர் சுவருக்கு வெளியே நீளும் பின்பகுதியில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, தண்ணீர் வெளியே வடிவதற்காக இயந்திரத்தைச் சற்றே பின்புறம் சாய்த்துத்தான் பொருத்துகிறார்கள். எனவே, அதன் இயல்பான நாட்டம் தெருவை நோக்கியே இருக்கும்.

பாரம் ஏறியதும் முக்கோணத்தின் கீழ்முனை சுவரை அழுத்துகிறது. மேல்முனையோ சுவரைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வர முயல்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது மேல் போல்ட்டின் வேலை. அந்த போல்ட் கான்கிரீட்டிலோ உறுதியான செங்கல்லிலோ ஆழப் பதிந்திருந்தால் கவலையில்லை. சிமெண்ட் பூச்சையும் உதிரும் செங்கல்லையும் மட்டுமே பற்றியிருந்தால், அது பிடுங்கப்படும் நாளுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். நான்கரை அங்குலச் சுவரில், சுவரை ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட்டும், உட்புறத்தில் அகலமான இரும்புத் தகடும் அவசியம். அதற்கு ஆகும் கூடுதல் செலவு, ஏ.சி.யின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

பொருத்திய நாளில் உறுதியாக இருந்தது எப்போதும் உறுதியாகவே இருக்கும் என்பதும் இல்லை. இயந்திரத்தின் இடைவிடாத அதிர்வில் நட்டுகள் தளர்கின்றன. சொட்டும் நீரும் பருவமழையும் இரும்பை அரிக்கின்றன. வர்ணப் பூச்சுக்கு அடியில் துரு பரவுவது வெளியே தெரிவதில்லை. தில்லியில் வேறொரு சிக்கலும் உண்டு. இங்கே ஜன்னல் ஏ.சி.யைக் கோடைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் பொருத்தி, குளிர்காலத்துக்கு முன்னர் கழற்றிச் செல்கிறார்கள். ஆண்டுதோறும் அதே சுவரில் அதே துளைகள் அகலமாகின்றன. பழைய ஸ்டாண்டின் மீது புதிய இயந்திரம் ஏறி அமர்கிறது. அந்த ஸ்டாண்டின் வயது என்ன என்று எவரும் கேட்பதில்லை.

யார் கேட்க வேண்டும்? இங்கேதான் பிரச்னையின் ஆணிவேர் இருக்கிறது. இயந்திரம் தன்னுடையது, சுவர் தன்னுடையதல்ல என்கிறார் உற்பத்தியாளர். ஸ்டாண்டுக்குத் தனிக் கட்டணம் என்கிறார் விற்பனையாளர். கொடுத்த ஸ்டாண்டில் வைத்தேன் என்கிறார் பொருத்தியவர். குடியிருப்பவர் வைத்தது என்கிறார் வீட்டு உரிமையாளர். நான் வருவதற்கு முன்பே இருந்தது என்கிறார் குடியிருப்பவர். விபத்துக்குப் பிறகுதான் காவல் துறை வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்போருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க வழி செய்கிறது. முந்தைய சட்டத்தில் அது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. தண்டனையைக் கடுமையாக்கியது சரி. ஆனால், அது உயிர் போன பிறகு வரும் நீதி.

அரசு இந்தத் துறையைக் கண்டுகொள்ளவில்லை என்று கூறிவிட முடியாது. ஏ.சி.க்களுக்கு மின்சிக்கன நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. இயந்திரத்துக்கும் அதன் சில பாகங்களுக்கும் 2019-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.க்கள் 24 டிகிரியில் இயங்கத் தொடங்கும் வகையில் அமைக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஏ.சி.க்களின் வெப்பநிலை அளவை 20 முதல் 28 டிகிரிக்குள் வரையறுக்கும் திட்டத்தை 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் அறிவித்தார். அறைக்குள் எத்தனை டிகிரி குளிர் இருக்க வேண்டும் என்பதில் இவ்வளவு அக்கறை காட்டும் அரசு, அறைக்கு வெளியே 50 கிலோ எடை எதன்மீது நிற்கிறது என்பதில் பாராமுகமாக இருப்பது விந்தையிலும் விந்தை.

பிற நாடுகளிலும் நகரங்களிலும் இப்படியில்லை. ஹாங்காங்கில் 2010 டிசம்பர் 31 முதல் நடைமுறையிலுள்ள சிறு கட்டுமானப் பணிகள் கட்டுப்பாட்டு முறை, ஏ.சி.க்கான உலோகத் தாங்கிகளையும் உள்ளடக்கியது. சிங்கப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஏ.சி. பொருத்த, அரசின் கட்டட ஆணையத்திடம் பயிற்சி பெற்றவரையே அமர்த்த வேண்டும். நியூயார்க் நகரில் 1979-ஆம் ஆண்டு, கட்டடத்திலிருந்து பெயர்ந்து விழுந்த கல் தாக்கிக் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே, ஆறு மாடிகளுக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிப்புறத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் அங்கே வந்தது. ஒரு மரணம் ஒரு சட்டத்தைப் பிறப்பித்தது. கரோல் பாக் மரணம் எதைப் பிறப்பித்தது?

செய்ய வேண்டியவை எவருக்கும் புரியாதவை அல்ல. முதலாவதாக, தாங்கு சட்டத்தை விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும் உதிரிப் பொருளாகக் கருதாமல், இயந்திரத்தின் ஓர் அங்கமாகவே கருதி, எத்தனை கிலோ தாங்கும் என்ற முத்திரையுடன் விற்கச் செய்ய வேண்டும். இரண்டாவதாக, மத்திய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் தொழில்நுட்பப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்க இலக்கு நிர்ணயித்தது. அத்தகைய பயிற்சிகளில் வாயு நிரப்புவதற்குத் தரப்படும் முக்கியத்துவம், சுவரில் போல்ட் பதிப்பதற்கும் தரப்பட வேண்டும். இடுப்பில் பாதுகாப்புப் பட்டைகூட இல்லாமல் மூன்றாவது மாடியின் சன்ஷேடில் நின்று வேலை செய்யும் அந்த ஏழைத் தொழிலாளியின் உயிருக்கும் அதுவே காப்பு. மூன்றாவதாக, ஆண்டுதோறும் கோடைக்கு முன் குடியிருப்போர் நலச் சங்கங்களின் துணையோடு மாநகராட்சி ஆய்வு நடத்த வேண்டும். தெருவை நோக்கிய தாங்கிகளுக்கு வீட்டு உரிமையாளரே பொறுப்பு என்பதை விதியாக்க வேண்டும்.

அதே செயல்திட்டத்தின் கணக்குப்படி, அன்றைக்கு நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ 8 சதவீதத்திடம் மட்டுமே ஏ.சி. இருந்தது. 2037-38-க்குள் நாட்டின் மொத்தக் குளிர்விப்புத் தேவை எட்டு மடங்காகும் என்றும் அது மதிப்பிட்டது. இன்று நாம் காண்பது தொடக்கம்தான். சுவர்களில் ஏறவிருக்கும் இயந்திரங்கள் இன்னும் கோடிக்கணக்கில் உள்ளன. இது தில்லிக்கு மட்டுமான பிரச்னையும் அல்ல.

அரசு விதி வகுக்கும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. துரு உதிர்கிறதா, போல்ட்டைச் சுற்றிச் சுவரில் விரிசல் ஓடுகிறதா, கடந்த ஆண்டைவிட இயந்திரம் கூடுதலாகச் சாய்ந்திருக்கிறதா, இயங்கும்போது சட்டம் கடகடக்கிறதா என்று கீழே நின்று கவனிக்கப் பத்து நிமிடங்கள் போதும். இவற்றில் ஒன்று இருந்தாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தகுதியானவரை அழைப்பதே அறிவுடைமை.

நமது அறையைக் குளிர்விக்க நமக்கு உரிமை உண்டு. அதற்கான ஆபத்தைத் தெருவில் போகும் முன்பின் தெரியாத ஒருவரின் தலைமீது ஏற்றிவைக்க எவருக்கும் உரிமையில்லை!